எந்த அட்டை?

கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பியவர்கள் பாதித் தெருவில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பதுண்டு. எதுக்கும் அண்ணன் இரண்டு முறை திரும்பி வருவார். முதல் முறை பூட்டைப் பார்க்க. இரண்டாவது முறை, இழுத்துப் பார்த்ததில் பூட்டு திறந்துகொண்டதோ என்று பார்க்க.

"எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று அவர் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வார். அதன் முதல் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

கண்ணாடிக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் சோதனைக்கூடம். மின்சாரப் பொருள்களை விற்பவர்களும் வாங்குபவர்களும் தங்கள் சாமானைக் கொண்டுவந்து தருவார்கள். அது எவ்வளவு சுடுகிறது, எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று நாங்கள் அளந்து எழுதிக் கொடுப்போம். மொத்தம் நான்கு பேர். கூடத்தை நடத்தும் முதலாளியம்மா. சூட்டை அளக்கும் எதுக்கும் அண்ணன். மின்சாரத்தை அளக்கும் இன்னொருவர். வாட் கணக்கே வாழ்க்கை என்பதால் அவர் வாட்டு ஆனார், ஆளை வாட்டி எடுப்பதாலும் அந்தப் பெயர் நிலைத்தது. நான்காவது ஆள் நான். அவர்கள் நோட்டில் எழுதுவதைத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு அறிக்கைகளாக்குவது என் வேலை.

எதுக்கும் அண்ணனை நான் சார் என்று கூப்பிடுவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது.

"ஏம்மா, தமிழ்ல நான் எழுதினதுதான் இங்கிலீஷ்லயும் இருக்கா?"

"ஆமா சார்."

"எல்லாமே?"

"எல்லாமே சார்."

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்களை மட்டும் விரலால் ஒத்துப் பார்த்தார். எண்கள் சரியாக இருந்தன. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. எண்களுக்கு நடுவில் இருக்கும் சொற்களை எப்படி ஒத்துப் பார்ப்பது என்பதுதான் அவர் கவலை. அது வீண் கவலை என்று என்னால் சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு சார்ஜரைப் பற்றி அவர் "கையில் பிடிக்க முடியாதபடி சுடுகிறது" என்று எழுதியிருந்தார். முதலாளியம்மா கேட்டுக்கொண்டதால் ஆங்கிலத்தில் நான் அதை வெதுவெதுப்பாக்கிவிட்டேன். இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

சந்தேகம் அவருக்குப் பிறவிக்குணம் அல்ல. இருபத்தாறு வயதில் இஸ்திரிப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் இரண்டாம் ஷிஃப்ட் பரிசோதகர். முதல் ஷிஃப்ட் பரிசோதகர் எழுதிவைத்த எண்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அறுபது பெட்டிகள் திரும்பி வந்தன. ஒன்று யாருடைய பட்டுச் சட்டையையோ கருக்கியிருந்தது. முதல் ஷிஃப்ட் ஆள் பெட்டிகளைத் தொட்டே பார்க்கவில்லை, நேற்றைய எண்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த ஆள் வேறு யாரும் இல்லை, அவர் மனைவியின் சொந்தத் தம்பி. வேலை இருவருக்கும் போனது. மச்சானோடு இன்றும் பேச்சுவார்த்தை இருக்கிறது, ஒரே மேஜையில் சாப்பிடவும் செய்கிறார்கள். ஆனால் மச்சான் மணி நாலு என்று சொன்னால் இவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் தலையாட்ட மாட்டார்.

இந்தக் குணத்தால் கூடத்துக்கு நன்மையும் உண்டு, தலைவலியும் உண்டு. போன மாதம் ஒரு மின்விளக்கு வியாபாரி பதினொரு நாள் காத்துக் கிடந்துவிட்டு வேறு கூடத்துக்குப் போய்விட்டார். அதனால் அந்தத் திங்கட்கிழமை காலை முதலாளியம்மா சோதனை அறை வாசலில் நின்று நேரடியாகவே சொன்னார்.

"அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இந்தத் தடவை அடுத்த திங்கக்கிழமை பத்து மணிக்கு ரிப்போர்ட் என் கையில இருக்கணும். இல்லேன்னா இந்த நாற்காலியில வேற ஆள் உக்காரட்டும். நீங்க ஸ்டோர்ஸ பாத்துக்குங்க."

ஸ்டோர்ஸ் என்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடுக்கு. அங்கே அளக்க எதுவும் இல்லை, எண்ணத்தான் முடியும். எதுக்கும் அண்ணன் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தடவிக்கொண்டார்.

அந்த முறை வந்திருந்தது ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. கணினித் திரையில் படம் வரையும் வேலையைச் செய்வது. இதன் விசேஷம், இதில் விசிறி கிடையாது. வழக்கமான கார்டுகளில் சின்ன விசிறி ஒன்று சுழன்று சூட்டை வெளியே தள்ளும். இதில் அதற்குப் பதிலாக அலுமினியத் தகடுகள் புத்தகப் பக்கங்களைப் போல அடுக்கடுக்காக நின்றன. சூடு அந்தத் தகடுகளில் ஏறி, தானாகக் காற்றில் கலைய வேண்டும். கொண்டுவந்தவர் பாகங்களைச் சேர்த்துக் கணினி அமைத்துத் தருபவர். காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் நிலையம் ஒன்றுக்கு நாற்பது கணினிகள் தரப்போகிறார். சோதனைக்கு வருபவர் கண்ணை மூடிக்கொண்டு, ஈ பறக்கும் சத்தத்தைவிடச் சின்ன ஒலி கேட்கிறதா என்று சொல்ல வேண்டிய அறை. அங்கே விசிறி இரைந்தால் எல்லாம் கெட்டது.

தயாரித்தவர்கள் பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள்: முழு வேலை கொடுத்தாலும் தொண்ணூறு டிகிரியைத் தாண்டாது, அறுபது வாட்டுக்கு மேல் தின்னாது. தொண்ணூற்றைந்தைத் தொட்டால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நிலையத்துக்கு அது ஆகாது. படம் தயங்கினால் ஒலியும் தயங்கும், கேட்கும் காதைக் கேளாக் காது என்று எழுதிவிடுவார்கள்.

எதுக்கும் அண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"தாண்டாதுன்னு அவங்களே சொல்லிக்கிறாங்க."

"பின்ன, தாண்டும்னா போடுவாங்க?" என்றார் வாட்டு.

சோதனை அறை எட்டடிக்குப் பத்தடி. கண்ணாடிக் கதவு, ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. காற்றே அசையாமல் அறை முப்பத்திரண்டு டிகிரியில் இருக்க வேண்டும் என்பது வாடிக்கையாளர் கேட்டது. ஆகவே எதுக்கும் அண்ணன் ஜன்னலைச் சாத்தி, மேல் விசிறியை நிறுத்தி, அதன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினார். ஒரு பக்கம் திறந்த கணினிப் பெட்டிக்குள் கார்டைப் பொருத்தி, தகடுகளின் நடுவே ஒரு மெல்லிய கம்பியின் நுனியை ஒட்டினார். அது சூட்டைக் காட்டும். கார்டுக்குப் போகும் மின்சாரத்தை அளக்கும் கம்பிகள் சுவரில் இருந்த ஓட்டை வழியாக அடுத்த அறைக்கு, வாட்டுவின் மேஜைக்குப் போயின. கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை நிரலை ஓட்டியதும், திரையில் முடி முளைத்த வளையம் ஒன்று சுழலத் தொடங்கியது. பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முடியையும் வரைந்து கார்டு மூச்சு முட்டிப்போகும்.

செவ்வாய்க்கிழமை சூடு தொண்ணூறு வரை போனது. பிறகு, ஒருவரும் ஒன்றும் செய்யாமலே, எண்பத்தாறுக்கு இறங்கியது.

எதுக்கும் அண்ணன் சுவர் ஓட்டை வழியாகக் கத்தினார்.

"வாட்டு! எவ்வளவு காட்டுது?"

"அம்பத்தெட்டுண்ணே!"

"இறங்கலையா?"

"இறங்கினா இறங்குதுன்னு சொல்ல மாட்டேனா? எனக்கென்ன வேண்டுதலா?"

இதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. கார்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டால் சூடும் இறங்கும், வாட் கணக்கும் இறங்கும். இங்கே வாட் அப்படியே நிற்கிறது, சூடு மட்டும் இறங்குகிறது. அதே அளவு விறகு எரிகிறது, பானை மட்டும் ஆறுகிறது. அப்படியானால் யாரோ பானையை ஆற்றுகிறார்கள்.

புதன்கிழமையும் அதே கதை. நோட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே போனார். ஒரு விநோதம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவர் வெளியே போன நேரங்களில் சூடு ஏறியது. பத்து நிமிடம் தேநீருக்குப் போனால் தொண்ணூற்றிரண்டு. திரும்பி வந்து உட்கார்ந்தால் மெல்ல இறங்கி எண்பத்தாறு.

அவர் வாட்டுவிடம் போய் நின்றார்.

"நான் உள்ள இருந்தா இறங்குது. வெளிய போனா ஏறுது."

"அப்ப நீங்க ராசியான ஆளுண்ணே."

"விளையாடாத. நான் பாக்குறப்ப மட்டும் யாரோ நல்ல கணக்கு காட்டுறாங்க. எனக்காகவே செய்யிறாங்க."

"யாரு?"

எதுக்கும் அண்ணன் சுவர் ஓட்டையைப் பார்த்தார். பிறகு வாட்டுவின் மேஜையில் இருந்த சின்ன விசிறியைப் பார்த்தார்.

"அடப்பாவி மனுஷா! அது என் வேர்வைக்கு வச்சிருக்கேன். அந்த ஓட்டை ரெண்டு விரல் அகலம்ணே. அது வழியா காத்த ஊதி உங்க கார்டைக் குளிர வைக்க நான் என்ன குழலா வாசிக்கிறேன்?"

ஆனாலும் ஓட்டையில் பழந்துணி அடைக்கப்பட்டது. நோட்டில் ஒரு வரி ஏறியது: "அடுத்த அறையிலிருந்து காற்று வருவதாகச் சந்தேகம்." வாட்டு அதைப் படித்துவிட்டு அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது கூடத்தில் அரிதான சம்பவம்.

அடுத்த சந்தேகம் முதலாளியம்மா மேல். அறைக்கு இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது; கார்டு தேறினால் அவருக்கு லாபம். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் எதுக்கும் அண்ணன் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகினார். காகிதம் செருகிய இடத்திலேயே இருந்தது. பிறகு கதவின் மேலிருந்து ஒரு நூல், ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு நூல், மேல் விசிறியிலிருந்து ஒரு நூல் என்று மூன்று நூல்களைத் தொங்கவிட்டார். காற்று எந்தப் பக்கம் வந்தாலும் நூல் காட்டிக்கொடுக்கும். நூல்கள் தூக்கில் போட்டவைபோல ஆடாமல் தொங்கின. சூடு எண்பத்தாறு.

அதற்குப் பிறகு கார்டு மேலேயே சந்தேகம் வந்தது. "சோதனை நடக்குதுன்னு இதுக்குத் தெரியுது. பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்டர் வந்தா பசங்க கைகட்டி உக்காருவாங்களே, அந்த மாதிரி நடிக்குது" என்றார். அவர் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மதியம் பன்னிரண்டரைக்கு அவர் மனைவி தொலைபேசியில் அழைப்பார். நான் நோட்டு வாங்க வாசலில் நின்றதால் இரண்டு பக்கப் பேச்சும் காதில் விழுந்தது; அந்த அம்மாவுக்கு உரத்த குரல்.

"யாரு, நீதானா?"

"இல்ல, உங்க ரெண்டாவது சம்சாரம். சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன். அறையை விட்டு வெளிய போனா இங்க தில்லுமுல்லு நடக்குது."

"அந்த வெக்கையிலயா உக்காந்து சாப்பிடுறீங்க? வீட்ல பேங்கு புஸ்தகத்த காவல் காக்குறது பத்தாதுன்னு..."

அவர் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில். இடது கையும் சும்மா இல்லை. அதை நான் பார்த்தேன், ஆனால் பார்த்ததாக மனத்தில் பதியவில்லை. வெக்கையில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் கை என்ன செய்யுமோ அதைத்தான் அது செய்துகொண்டிருந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ தினமும் பன்னெண்டரைக்கு வர்ற. பன்னெண்டு நாப்பதுக்கு எண்பத்தாறு. கதவைத் திறந்து மூடுற காத்து இல்லையே?"

"நான் உள்ளே வரதே இல்லையே சார். நீங்கதான் நோட்டை வெளியே நீட்டுறீங்க."

"சரிதான்" என்றார். சொன்ன விதத்தில் சரியாக இல்லை. நோட்டை வாங்கிக்கொண்டு போகும்போது எனக்குக் கொஞ்சம் வலித்தது. சார்ஜர் ஞாபகம் வந்ததால் கோபப்படவும் முடியவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் அந்த நோட்டைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். எங்கள் கூடத்தில் பேச்சில் எல்லாரும் கார்டு என்போம். தமிழ் அறிக்கையில் மட்டும் அட்டை என்று எழுத வேண்டும் என்பது முதலாளியம்மா வைத்த சட்டம். எதுக்கும் அண்ணன் சட்டத்தை மீறாதவர். நோட்டிலும் அட்டை என்றே எழுதுவார். தமிழ்ப் பிரதியைச் சிரமமில்லாமல் அடித்து முடித்தேன். ஆங்கிலத்துக்கு வந்தபோது புதன்கிழமைப் பக்கத்தில் ஒரு வரியில் கை நின்றது.

"2.10 — அட்டை கீழே விழுந்து மேஜைக்கு அடியில் போய்விட்டது. 2.25 — அட்டையை எடுத்தேன்."

கார்டு விழுந்ததா? கம்பிகளோடு, தொண்ணூறு டிகிரி சூட்டில்? விழுந்து பதினைந்து நிமிடம் எடுக்காமலா விட்டார்? அப்படியானால் அதைப் பெரிதாக எழுத வேண்டுமே. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். 2.10க்கு எண்பத்தாறு, 2.15க்கு எண்பத்தெட்டு, 2.20க்கு தொண்ணூறு, 2.25க்கு தொண்ணூற்றிரண்டு. அதற்குப் பிறகு இறக்கம். விழுந்த கார்டு எப்படி எண் காட்டும்?

நோட்டை எடுத்துக்கொண்டு சோதனை அறை வாசலுக்குப் போனேன். கதவைத் திறக்காமல், கண்ணாடியில் அந்தப் பக்கத்தை அழுத்திக் காட்டினேன். அவர் எழுந்து வந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"சார், கார்டு கீழ விழுந்துச்சா?"

"யாரு சொன்னா?" குரல் உடனே கூர்மையானது.

"நீங்கதான் எழுதியிருக்கீங்க. ரெண்டு பத்துக்கு அட்டை விழுந்துச்சுன்னு."

அவர் படித்துப் பார்த்துச் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"அட, அந்த அட்டை இல்லம்மா. இந்த அட்டை."

சொல்லிவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினார். கார்டு வந்த பெட்டியின் மூடி. கெட்டி அட்டை; தொண்ணூறைத் தாண்டாது என்ற வாசகம் அதில்தான் அச்சாகியிருந்தது. ஓரம் விரல் பிடித்துப் பிடித்து மடங்கி அழுக்காகியிருந்தது.

"மேஜைக்கு அடியில போயிடுச்சு. குனிய முடியல, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எடுத்தேன். எதுக்கும் இருக்கட்டுமேன்னு எழுதி வச்சேன்."

இங்கிலீஷில் அந்த அட்டைக்கு ஒரு சொல், இந்த அட்டைக்கு வேறொரு சொல். எதை எழுத வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன். ஆனால் அவர் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. மூடி அசைந்தது. என் நெற்றி மயிர் பறந்தது.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. "சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் கையைப் பார்த்தேன். பிறகு கார்டைப் பார்த்தேன். நாற்காலிக்கும் மேஜைக்கும் ஒன்றரை அடி.

அவர் என் பார்வையைத் தொடர்ந்து போனார். கை நடுவானில் நின்றது.

கதவில் நூல் கட்டியவர், ஜன்னலில் நூல் கட்டியவர், தன் நாற்காலிப் பக்கம் ஒரு நூலும் கட்டவில்லை. அவர் முகத்தில் அப்போது வந்தது வெட்கம் அல்ல, அதுவும் சந்தேகம்தான். இருபத்தைந்து வருடமாகப் பிறர் மேல் பழகிய பார்வையை முதல்முறையாகத் தன் கை மேல் திருப்பியிருந்தார்.

"எதுக்கும் பாத்துடலாம்" என்றார், குரலே இல்லாமல்.

வெள்ளிக்கிழமை அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுத வேண்டிய ஐந்தாவது நிமிடத்துக்கு மட்டும் வலது கை வெளியே வரும், எழுதும், திரும்பிப் போய்விடும். மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. துடைக்கவில்லை. நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் தொண்ணூற்றைந்து.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாட்டுவின் குரல், பழந்துணி வழியாக மங்கிக் கேட்டது. "அண்ணே! அம்பத்தெட்டுலேர்ந்து விழுது! அம்பது... நாப்பத்தாறு... நாப்பத்தொண்ணு!"

கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டது. திரையில் முடி வளையம் திக்கித் திக்கிச் சுழன்றது.

பிறகு அவர் மூடியை எடுத்து விசிறினார். அதுவும் ஒழுங்காக, கைக்கடிகாரத்தைப் பார்த்து. கால் மணி நேரத்தில் எண்பத்தாறு. வாட் மறுபடி ஐம்பத்தெட்டு. நோட்டில் எழுதினார்: "விசிறல், நிமிடத்துக்கு நாற்பது." விசிறியில்லாத கார்டுக்கு மூன்று நாளாக ஐம்பத்தொரு வயது விசிறி ஒன்று ஓடியிருக்கிறது.

வாட்டு வாசலில் வந்து நின்றார். எதுக்கும் அண்ணன் நோட்டைப் புரட்டி, புதன்கிழமை எழுதிய வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டார். எங்கள் கூடத்தில் எதையும் அழிக்கக் கூடாது; கோடு போட்டு, போட்டவர் ஒப்பமிட வேண்டும்.

"கோடு போட்டா போதுமா? மூணு நாளா என்னைத் திருடன் மாதிரி பாத்தீங்களே."

"தப்புதான்டா."

"நாலு பேர் கேக்கச் சொல்லுங்க."

"நாம மொத்தமே நாலு பேருதானே."

"அப்ப முதலாளியம்மா வரட்டும்" என்றார் வாட்டு. அவர் விடுகிற ஆள் இல்லை.

அறிக்கைக்காக எதுக்கும் அண்ணன் தன் கையால் எழுதித் தந்த வரி இது: "முதல் மூன்று நாள் அளவுகள் செல்லாது. காரணம், சோதித்தவர் வெக்கை தாங்காமல் பெட்டி மூடியால் விசிறிக்கொண்டார். அந்தக் காற்று அட்டையையும் குளிரச் செய்தது." கொஞ்சம் யோசித்து, 'அட்டையையும்' என்பதை அடித்து 'கார்டையும்' என்று மாற்றினார். சட்டத்தை மீறி அவர் எழுதிய முதல் சொல் அதுவாக இருக்கும்.

முதலாளியம்மா அதைத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே படித்துவிட்டார். என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தமிழ்ல இருந்துட்டுப் போகட்டும். அதைப் படிக்கிறவங்க நம்ம ஆளுங்க. இங்கிலீஷ் பிரதிதான் காது நிலையத்துக்குப் போகுது. அதுல கொஞ்சம் கௌரவமா போடு. சோதனைச் சூழலில் காற்றோட்ட மாறுபாடுன்னு."

"சார் படிச்சுக் காட்டச் சொல்வாரு மேடம்."

"சொன்னா படிச்சுக் காட்டு. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

நான் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். காற்றோட்ட மாறுபாடு என்பதற்கு ஆங்கிலத்தில் நல்ல வழவழப்பான சொற்கள் உண்டு. அவற்றை எழுதினால் காற்று தானாக வந்து தானாகப் போனது போல இருக்கும். அதன் பின்னால் ஒரு கையும் இருக்காது. நான் கையோடு சேர்த்தே எழுதினேன். சோதித்தவர், பெட்டி மூடி, வெக்கை எல்லாம்.

எதுக்கும் அண்ணன் வந்தார். "அதேதான் இருக்கா?"

"அதேதான் சார்."

வரி வரியாகப் படித்து, அர்த்தம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் தன் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தார்.

"உன்னை நம்பாம இல்ல. எதுக்கும் என் பொண்ணு ஒரு தடவை படிச்சுடட்டும்."

மகள் வெளியூரில் படிக்கிறாள். ஐந்து நிமிடத்தில் அழைத்தாள். அவர் பேச்சை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அப்பா, இது என்ன கூத்து? நீங்க அட்டையால விசிறிக்கிட்டீங்கன்னு போட்டிருக்கு!"

"அப்படியேவா போட்டிருக்கு?"

"அப்படியேதான். அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லாத" என்று அவசரமாக வைத்தார். பிறகு ஆங்கிலப் பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். அதுவரை அவர் தமிழ்ப் பிரதியில் மட்டும்தான் போடுவார். பேனாவை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்த சார்ஜர் ரிப்போர்ட்டயும் ஒரு நாள் எடுத்து வை. பொண்ணு லீவுக்கு வர்றா" என்றார்.

எனக்குக் காது சுட்டது. "நானே படிச்சுக் காட்டுறேன் சார்" என்றேன். அவர் தலையாட்டினார்.

பத்து மணிக்கு அறிக்கை முதலாளியம்மா கையில் இருந்தது. ஆங்கில வரியைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பத்தே காலுக்கு வாடிக்கையாளர் வந்தார். அரைமணி நேரம் உள்ளே பேச்சு. ஒரு இடத்தில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். எதுக்கும் அண்ணன் சோதனை அறையில் நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கேட்டதும் கை நின்றது. அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று என்னிடம் கண்ணால் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

வாடிக்கையாளர் போனதும் முதலாளியம்மா வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணே, நாற்காலியைத் தூக்குங்க."

அவர் எதிர்பார்த்துத்தான் இருந்தார் போலும். மேஜை மேலிருந்த கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நடைவழியைத் தாண்டி, மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

"எங்க போறீங்க?" என்றார் முதலாளியம்மா.

"ஸ்டோர்ஸுக்கு."

"யாரு சொன்னா? கதவுக்கு வெளிய போடுங்க. அறைக்குள்ள இனிமே ஆளே இருக்கக் கூடாதுன்னு உங்க ரிப்போர்ட்லயே கடைசி வரி எழுதியிருக்கீங்களே, மறந்துபோச்சா? அந்த மனுஷன் சிரிச்சுட்டுச் சொல்லிட்டுப் போறாரு, காது நிலையத்துல கார்டுக்கு விசிற ஆள் போட முடியாதாம். கணினிப் பெட்டியில சூடு மேல போக ஓட்டை போட்டு இன்னொண்ணு கொண்டுவராரு. அதையும் நீங்களே பாக்கணுமாம்."

நாற்காலி நடைவழியில் நின்றது. அவர் அதன் மேல் உடனே உட்காரவில்லை.

"நானேன்னு அவரு ஏன் கேட்டாரு?"

"ஏன்னா என்னண்ணே?"

"இல்ல... காரணம் இல்லாம யாரும் கேக்க மாட்டாங்களே."

முதலாளியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போனார். "அம்மா, போகாதீங்க, அவரு என்கிட்ட மன்னிப்பு கேக்கணும், நீங்க சாட்சி" என்று வாட்டு அவர் பின்னாலேயே ஓடினார்.

புதன்கிழமை ஓட்டை போட்ட பெட்டி வந்தது. கார்டு அறைக்குள்ளே தனியாகச் சுடுகிறது. எதுக்கும் அண்ணன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடி வழியாகவும் கதவுக் கண்ணாடி வழியாகவும் எண்ணைப் பார்த்து எழுதுகிறார். கதவுக்கு அடியில் இருந்த அரை விரல் இடைவெளியைத் துணி வைத்து அடைத்திருக்கிறார். நோட்டு வாங்க நான் போனபோது நடைவழியில் நல்ல வெக்கை. பழைய அட்டைப் பெட்டி மூடி அவர் கையில் இருந்தது. கதவுக்கு முதுகைக் காட்டி, காற்று அந்தப் பக்கம் போகாதபடி முழுதாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு விசிறினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தொடைக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பி, எண்ணைப் பார்த்தார்.